ஜீவராணி வாங்கிய நான்கு டயர்கள்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் டிவிசனில் கார் ஓட்டுகிற பெண் ஒருத்திதான். பெயர் ஜீவராணி. கிழமையில் மூன்று நாள் கொழுந்து எடுப்பாள், மூன்று நாள் கார் ஓட்டுவாள். அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் உறவைச் சொல்லிவிடுகிறேன். உறவு தெரியாவிட்டால் அவள் பட்ட பாடு விளங்காது.

என் சின்னம்மா கருப்பம்மாவுக்கு நாலு பிள்ளைகள். நடுவில் பிறந்த இரண்டும் தொட்டிலோடு போய்விட்டன. தங்கியது மூத்தவன் அழகரும் கடைசி விஜேந்திரனும். இரண்டு பேருக்கும் பதினாறு வயது வித்தியாசம். சின்னம்மா செத்தபிறகு தம்பியை வளர்த்தது அழகரும் அவன் பெண்டாட்டி பெரியாயியும்தான். அந்த விஜேந்திரன் கட்டிக்கொண்டு வந்தவள் ஜீவராணி. தெமோதரைப் பெண். அவளுடைய தாய்வழித் தாத்தாவும் என் மாமனாரும் பங்காளிகள். அதனால் நான் அவளுக்குப் பெரியப்பா முறையும் ஆவேன், புருஷன் வழியில் மூத்தார் முறையும் ஆவேன். அவள் வசதியாகப் பெரியப்பா என்றே கூப்பிடுகிறாள்.

வசதி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆட்களில் புருஷனுக்கு மூத்தவன் எதிரில் தம்பி பெண்டாட்டி உட்கார மாட்டாள். முகம் பார்த்துப் பேச மாட்டாள். அவன் வீட்டுக்குள் வந்தால் இவள் அடுப்படிக்குப் போய்விட வேண்டும். அழகர் இதில் கண்டிப்பானவன். முப்பது வருடம் கங்காணியாக இருந்து ஆட்களை அதட்டியவன் அல்லவா. கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருடத்தில் அவன் ஜீவராணியிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதை நான் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவனுக்குக் கிட்னி இரண்டும் பழுதாகிவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பதுளை ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு இரத்தம் கழுவ வேண்டும் என்றார்கள். காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ் வருவது ஏழரைக்கு. அதைப் பிடிக்கவும் மூன்று கட்டை தூரம், அதாவது மூன்று மைல், நடக்க வேண்டும். நாலு அடி நடந்தாலே அழகருக்கு மூச்சு வாங்கியது.

விஜேந்திரன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. ஊரோடு வந்து வாடகைக்கு ஹயர் ஓட்டலாம் என்ற எண்ணத்தில் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கி லயத்து வீட்டு வரிசையின் ஓரத்தில் விட்டுப் போயிருந்தான். வருவேன் வருவேன் என்று நாலு வருடம் ஆகிவிட்டது. காருக்குள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. ஜீவராணி யாரிடமும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளைக்குப் போய் ஓட்டப் பழகி, லைசன் எடுத்துக்கொண்டு வந்து, கோழியை விரட்டிவிட்டு, காரைக் கழுவி வாசலில் நிறுத்தினாள்.

"யார் ஓட்டப் போறா?" என்று அழகர் பெண்டாட்டியிடம் கேட்டான்.

"ஜீவராணிதான்."

"பொம்பள ஓட்டுற வண்டியில ஏறிச் சாகுறதுக்கு நான் இங்கேயே கிடந்து சாகுறேன்னு சொல்லு."

ஜீவராணி மூன்று அடி தள்ளித்தான் நின்றாள். பெரியாயியைப் பார்த்துச் சொன்னாள்: "வண்டியில போனா சாகுறது நிச்சயமில்ல. இங்க கிடந்தா நிச்சயம்னு சொல்லுங்கக்கா."

அழகர் ஏறினான். பின் சீட்டில் அவன், பக்கத்தில் பெரியாயி. "மெதுவாப் போகச் சொல்லு," "ஹோன் அடிக்கச் சொல்லு," "மாடு வருது, கண்ணு தெரியுதான்னு கேளு," என்று வழி முழுக்க பெரியாயி வாயாலேயே வண்டியை ஓட்டினான். முன் சீட்டில் இருக்கிறவளுக்கு எல்லாம் கேட்கிறது. இருந்தாலும் பெரியாயி திரும்பச் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் இப்படி ஓடியது.

போன வருடம் ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. எங்கள் லயத்தை விட்டு ஏறினதும் மாரியம்மன் கோயிலருகே ஒரு வளைவு இருக்கிறது. ஏற்றம், அதிலேயே திருப்பம். கார் பாதி ஏறி, நின்று, அப்படியே பின்னுக்கு வழுக்கிக்கொண்டு வந்து ரோட்டோரத் தண்ணீர்க் கானில் பின் சக்கரத்தை விட்டுவிட்டது. டயர் நாலும் குழந்தை தலை மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. அடுத்தடுத்து இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. அழகருக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, மூச்சு முட்டி, கடைசியில் தோட்டத்து லொறியில் படுக்கப் போட்டுக் கொண்டுபோனோம். ஒன்பது நாள் வார்டில் கிடந்தான். இன்னொரு தரம் இப்படித் தவறவிட்டால் தங்களால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அழகர் அதைக் கேட்டுக்கொண்டு, "மழை நாள்ல அந்தக் கார்ல ஏற மாட்டேன்," என்றான். வேறு எதில் போவாய் என்று நான் கேட்டேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

ஆகவே இந்த வருடம் மழை பிடிப்பதற்கு முன்னால் டயர் மாற்றியாக வேண்டும். மாற்றுவது மட்டும் போதாது, அழகர் நம்பி ஏறுகிற மாதிரியும் இருக்க வேண்டும்.

டயர் வாங்கப் போகிறாள் என்றதும் ஆளுக்கொரு யோசனை. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த டயர் கொழுந்து லொறியின் டயர். கட்டை கட்டையாக, இரண்டு விரல் ஆழத்துக்குப் பள்ளம் இருக்கும். பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்ல டயர் என்பது இங்கே முடிந்த முடிவு. லொறி ஓட்டுகிற ரஜீவ் அதைத்தான் சொன்னான்.

"சேறுக்கு கட்டை டயர்தான் சின்னம்மா. என் லொறி எங்கேயாச்சும் நின்னு பாத்திருக்கீங்களா?"

"உன் லொறி நிக்கிறது இல்ல. உன் வாயும் நிக்கிறது இல்ல. நம்ம ரோட்டுல சேறு எவ்வளவு தூரம் இருக்கு, சொல்லு?"

"முழுக்க சேறுதானே."

அன்று சாயங்காலம் நல்ல தூறல். வேலை முடிந்து வந்த ஜீவராணி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு லயத்திலிருந்து பெரிய ரோட்டு வரை மூன்று மைலும் நடந்தாள். நூறு காலடிக்கு ஒருதரம் குனிந்தாள். கால் பட்ட இடம் சேறாக இருந்தால் ஒரு கல்லை எடுத்து மடியில் போட்டாள். தாராகவோ சீமெந்தாகவோ இருந்தால் ஒரு தேயிலையைக் கிள்ளிப் போட்டாள். இருபது வருடம் மழையில் சரிவில் நின்று கொழுந்து எடுத்த கால். எது எப்படி வழுக்கும் என்று அதற்குத் தெரியும். நடந்தே திரும்பி வந்து வாசலில் மடியைக் கொட்டினாள். கல் ஆறு. இலை எழுபதுக்கு மேல்.

ரஜீவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "ஆறு கல்லுக்காகக் கட்டை டயர் போட்டா, இந்த எழுபது இலைக்கு என்ன செய்றது? பந்து விளையாடுற பூட்ஸை மாட்டிக்கிட்டு ஈரச் சீமெந்துல ஓடிப்பாரு. பல்லு எங்க கிடக்குன்னு தேடணும்."

கோயில் வளைவு முழுக்கச் சீமெந்து. தண்ணீர் ஓடி ஓடிப் பாசி பிடித்தது. நாங்கள் எத்தனை ஆயிரம் தரம் அதில் ஏறி இறங்கியிருப்போம்! போன வருடம் கார் வழுக்கினதும் சேறு, சேறு என்றுதான் நாங்களும் சொன்னோம். அவள் ஒருத்திதான் காலால் தடவிப் பார்த்தவள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அழகரை மெஷினில் விட்டுவிட்டுப் பதுளையில் மபாஸின் டயர் கடைக்குப் போனாள். இரத்தம் கழுவ நாலு மணி நேரம் ஆகும். அந்த நாலு மணி நேரத்தில் வாங்கிப் பூட்டியும் விடலாம் என்பது கணக்கு. அன்று நானும் கண்ணுக்கு மருந்து எடுக்கப் போயிருந்ததால் அவளோடு கடைக்குப் போனேன்.

மபாஸ் முதலில் எடுத்துப்போட்டது ஜப்பானிலிருந்து வந்த பழைய டயர். பனியில் ஓட்டுவதற்கென்று செய்ததாம். பள்ளம் ஆழமாக, கோடு கோடாக, பார்த்தால் புதுசேதான். எனக்கே பிடித்துப் போயிற்று.

"தோட்டத்து ஆளுங்க எல்லாரும் இதைத்தான் தங்கச்சி கேட்டு வாங்குறாங்க," என்றான் மபாஸ்.

ஜீவராணி பெருவிரல் நகத்தால் ரப்பரை அழுத்தினாள். கொழுந்து முற்றியதா இளசா என்று பார்க்கிற அதே அழுத்தல்தான். பிறகு இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை விட்டு விரித்தாள். செடியை விலக்கி அடியில் பார்க்கிற மாதிரி. உள்ளே மயிர் மயிராக வெடிப்பு.

"மபாஸ் நானா, இதோட வயசு என்ன? பக்கத்துல நாலு எண்ணு இருக்குமே."

மபாஸ் சிரித்துவிட்டான். "அதைக் கேட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வரல்ல." டயரைத் திருப்பிக் காட்டினான். முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எண் எந்த வருடம் என்று அர்த்தமாம். பத்து வருடம் தாண்டியிருந்தது.

"பனி டயரு, நம்ம மேல் மலைக் குளிருக்கு ஒத்துக்கும்னே வைங்க. பதுளைக்கு இறங்கினா வெயிலு தாரை உருக்குது. அப்ப இது என்னாகும்?"

"குழைஞ்சு போகும். சீக்கிரம் தேஞ்சிரும், பிரேக்கும் சரியாப் பிடிக்காது," என்று மபாஸ் உள்ளதைச் சொன்னான். நல்ல மனுஷன். "உங்களுக்குக் காலையில குளிர், பத்து மணிக்கு வெயில், ரெண்டு மணிக்கு மழை. அப்ப ஓல் வெதர்தான் பாக்கணும். எல்லாக் காலத்துக்கும் ஓடுறது."

உள்ளேயிருந்து நாலு புது டயர் வந்தது. அதன் பள்ளம் லொறி டயரின் பள்ளத்தில் பாதி கூட இல்லை. அகலமான நாலு வாய்க்கால் சுற்றிலும் ஓடியது. அவற்றுக்கு இடையே கத்தியால் கீறின மாதிரி மெல்லிய கீறல்கள், ஆயிரம் இருக்கும். தண்ணீரை வாய்க்கால் வெளியே தள்ளும், கீறல் தரையைப் பிடிக்கும் என்றான் மபாஸ். ஜீவராணி காரின் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருந்த அளவையும் டயரில் இருந்த அளவையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டாள். நாலு டயரிலும் வயது எண்ணைப் பார்த்தாள். பிறந்து மூன்று மாதம்தான்.

"முன்னுக்கு ரெண்டு மட்டும் மாத்துங்களேன், செலவு குறையும்," என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"பெரியப்பா, நீங்க ஒரு காலுக்கு மட்டும் செருப்புப் போட்டுக்கிட்டு நடப்பீங்களா?"

மபாஸ் கடைப் பையன்கள் சிரித்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

பூட்டி முடித்ததும் மபாஸ் சொன்னான்: "புது டயருக்கு மேல ஒரு வழவழப்பு இருக்கும் தங்கச்சி. நூறு கிலோமீட்டர் ஓடுற வரைக்கும் பொறுமையாப் போங்க."

மறுநாள் ஆயுத பூசை. எங்கள் வீட்டில் கவ்வாத்துக் கத்தி, மம்பட்டி, கொழுந்துக் கூடை எல்லாம் கழுவி வரிசையாக வைப்போம். கார் இருக்கும்போது காருக்கும் உண்டு. ஜீவராணி பகலெல்லாம் மலையில். பூசை வேலை முழுக்கப் பெரியாயி தலையில். சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் புது டயர் நாலும் கருங்கல் சாமி மாதிரி மின்னியது. எல்லாரும் கும்பிட்டோம். ஜீவராணி எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றி இறக்கி, அப்படியே நிறுத்திவிட்டாள்.

வியாழக்கிழமை விடியும்போதே மழை கொட்டியது. ஆறரைக்கு அழகர் கதவோரம் வந்து நின்று வானத்தைப் பார்த்தான், காரைப் பார்த்தான். "புதுசுதானேன்னு கேளு," என்றான். "புதுசுதான்," என்றாள் பெரியாயி. ஏறினான்.

நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார் கோயில் வளைவில் பாதி தூரம் ஏறியது. திடீரென்று சக்கரம் சும்மா சுற்றுகிற சத்தம். அப்புறம் கார் பின்னுக்கு வர ஆரம்பித்தது. போன வருடம் மாதிரியே.

"நிப்பாட்டு! நிப்பாட்டு புள்ள!" என்று அழகர் அலறியது லயம் வரைக்கும் கேட்டது. பதினெட்டு வருடத்தில் அவளிடம் அவன் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

ஜீவராணி கானில் விடாமல், ஸ்டேரிங்கை ஒடித்து, மண் திட்டில் சாய்த்து நிறுத்திவிட்டாள். நான் குடையோடு ஓடுவதற்குள் அழகர் இறங்கி, மழையிலேயே நடந்து, கோயில் முகப்பில் போய் உட்கார்ந்துகொண்டான். "இனி நான் வரல்ல. எழுபது எலை பொறுக்கி வாங்கின டயரு! சாவுறது என் பாடு, விட்ருங்க," என்று மூச்சு வாங்க வாங்கக் கத்தினான்.

ஜீவராணி முகம் செத்துப்போயிருந்தது. தப்பாக வாங்கிவிட்டோமோ என்ற நினைப்பு அந்த முகத்தில் எழுதியிருந்தது. மழையில் குந்தி உட்கார்ந்து டயரைத் தடவினாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். மெதுவாகத் திரும்பிப் பெரியாயியைப் பார்த்தாள்.

"அக்கா, டயருக்கு என்ன போட்டீங்க?"

"தேங்காயெண்ணெய்தான். பூசையாச்சே, பளபளன்னு இருக்கட்டும்னு."

"ஓரத்துலயா?"

"ஓரத்துல போட்டா போதுமா? சுத்தி முழுக்க நல்லா தேச்சு விட்டேன். நாலு சக்கரத்துக்கும் ஒரு போத்தல் போச்சு." சொல்லும்போதே பெரியாயிக்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அந்த மனுஷன் என்னைக் கொன்னே போடுவாரே."

நானாக இருந்தால் அந்த இடத்தில் கத்தியிருப்பேன். வாங்கின டயர் சரி, நடந்த நடை சரி, நான் சொன்னது எல்லாம் சரி என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லியிருப்பேன். ஜீவராணி எழுந்து புடவைத் தலைப்பைச் செருகினாள்.

"சத்தம் போடாதீங்க அக்கா. லயத்துல போய் அடுப்புச் சாம்பலும் சோப்புத் தூளும் தேய்க்கத் தேங்காய்த் தும்பும் எடுத்துட்டு வாங்க."

பிறகு கோயில் படிக்குக் கீழே போய், தலையைக் குனிந்துகொண்டு, தானும் நேராகவே பேசினாள். "மாமா, புது டயர்ல மேல் வழவழப்பு இருக்கும்னு கடைக்காரர் சொன்னாரு. நான்தான் அவசரப்பட்டு ஏத்திட்டேன். என் தப்பு. கால் மணி நேரம் குடுங்க."

அழகர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காரைப் பின்னால் இறக்கிப் பெரட்டுக்களத்தில் நிறுத்தினாள். காலையில் பேர் கொடுக்கிற அந்த இடத்தில் தரை முழுக்கச் சரளைக் கல். சாம்பலும் சோப்புத் தூளுமாகக் குழைத்து, இரண்டு பெண்களும் முழங்காலில் நின்று நாலு டயரையும் தேய்த்தார்கள். கொஞ்சம் உருட்டி, அடிப்பக்கம் மேலே வந்ததும் மறுபடி தேய்த்தார்கள். மழைத் தண்ணீரே கழுவிவிட்டது. அப்புறம் சரளையில் முன்னும் பின்னுமாக இருபது தரம் ஓட்டினாள். விரலால் தடவி, மோந்து பார்த்து, இன்னும் ஐந்து தரம் ஓட்டினாள்.

அதற்குள் ரஜீவ் லொறியோடு வந்து சேர்ந்தான். "அப்பவே சொன்னேன், கட்டை டயர்னு. கயிறு இருக்கு சின்னம்மா, இழுத்து விடவா?"

"கயித்தைச் சுருட்டி வை. ஓரமா நில்லு."

காரில் தனியாக ஏறினாள். அழகர் பார்த்துக்கொண்டிருக்க, கோயில் வளைவில் ஏற்றினாள். வழுக்கின அதே இடத்துக்கு வந்ததும், பாசி மேல், வேண்டுமென்றே நிறுத்தினாள். கார் அசையவில்லை. மறுபடி எடுத்தாள். ஏறியது. பின்னுக்கு இறங்கி வந்து திரும்பவும் ஏறி, திரும்பவும் அதே இடத்தில் நிறுத்தினாள். மூன்றாம் தரம் நிறுத்தி எடுத்தபோது ரஜீவ் கையைக் கட்டிக்கொண்டு, "பிடிக்குதுதான்," என்றான். கார் கோயில் முகப்பில் வந்து நின்றது. ஜீவராணி இறங்கவில்லை, கூப்பிடவும் இல்லை. வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அழகர் எழுந்தான். நான் கையைப் பிடித்துவிட்டேன். ஏறும்போது பெரியாயியின் கையைப் பார்த்தான். முழங்கை வரைக்கும் சாம்பல். ஒன்றும் கேட்காமல் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

நான் அவர்களோடு முன் சீட்டில் போனேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. மெஷின் அறையில் சரோஜாதேவி என்று யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருவர். நல்லவர், ஆனால் வாய் காரம்.

"என்ன ஐயா, இப்பதான் விடிஞ்சதோ? மெஷின் உங்களுக்காகப் பாத்துக்கொண்டு நிக்குமே? அடுத்த ஆளை ஏத்தப் போனன்." அப்புறம் ஜீவராணியைப் பார்த்தார். நனைந்து, புடவையெல்லாம் சாம்பல் கறையாக நின்றாள். "உங்கட கார் திரும்பவும் பழுதோ பிள்ளை? இப்பிடியெண்டா இவரை எப்பிடி நம்பி..."

ஜீவராணி வாயைத் திறந்தாள். அழகர் முந்திக்கொண்டான்.

"கார்ல ஒரு பழுதும் இல்ல மிஸ். டயர் நாலும் நல்ல டயரு. வழியில வேற ஒரு அலுவல் ஆகிப்போச்சு. அதுவும் அந்தப் புள்ளையால இல்ல."

பெரியாயி தரையைப் பார்த்தாள். ஜீவராணி அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மெஷினில் ஊசி ஏற்றுகிறவரைக்கும் நான் அழகர் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணே," என்றான் கண்ணை மூடிக்கொண்டே. "கோயில்ல உக்காந்திருக்கும்போதே தேங்காயெண்ணெய் வாசம் அடிச்சிச்சு. வீட்டுல போத்தல் காலியாக் கிடந்ததை விடியக்காலையே பாத்தேன். யாரு தப்புன்னு எனக்குத் தெரியாதா? இது வந்து என் தப்புன்னு தலையைக் குனிஞ்சிக்கிட்டு நிக்குது." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "அதுக்கு அப்புறமும் ஏறலேன்னா நான் என்ன மனுஷன்?"

அந்த மழை தை மாதம் வரைக்கும் விடாமல் பெய்தது. கோயில் வளைவு இப்போதும் வழுக்குகிறது. நாங்கள்தான் ஓரமாகப் பிடித்துப் பிடித்து ஏறுகிறோம். அழகர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. செவ்வாய், வியாழன், சனி ஆறரைக்கு, மழையோ பனியோ, கார் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது பின் சீட்டிலிருந்து அவன் சத்தம் கேட்கும்:

"கியரை மாத்து புள்ள. ஏத்தம் வருது."

"தெரியுது மாமா," என்று ஜீவராணியின் சத்தமும் கேட்கும்.